வீட்டுக்குள் வனம் – 9: ஏணி கேட்கும் கொடி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும் கேரளத்து வீட்டு வளாகங்களிலும் தென்னையையோ பலாவையோ பற்றி உச்சியை நோக்கி ஏறி நிற்கும் ஒரு கொடியைப் பார்க்கலாம். இலை ஒவ்வொன்றும் முறத்தளவு. கரும்பச்சையில் அங்கங்கே மஞ்சள் தீற்றல். ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி ஆழமான வெட்டுகள். தண்டு கட்டைவிரலைவிடப் பருமன். கார் ஜன்னல் வழியே அதைப் பார்த்து, "அது என்ன கொடிங்க, இவ்வளவு பெரிய இலை?" என்று கேட்கிறவரின் வீட்டுக் குளியலறை ஜன்னலிலேயே அதே கொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலே நாலு இலையோடு நின்றுகொண்டிருக்கும்.

மணி பிளாண்ட்தான் அது.

இரண்டும் ஒன்றென்று நம்ப யாருக்கும் சட்டென்று மனம் வராது. பாட்டிலில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் இலை, வெட்டே இல்லாத வழவழப்பான விளிம்பு. மரத்தில் இருப்பதோ 2 அடி, 3 அடி நீளம்கூட எட்டும். ஆனால் இரண்டும் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற ஒரே இனம். வீட்டில் நாம் வைத்திருப்பது அதன் இளம்பருவம். அந்தப் பருவத்திலேயே பத்து வருடமானாலும் இருபது வருடமானாலும் அது இருந்துகொள்ளும். வயதானால் பெரிதாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏறினால்தான் பெரிதாகும்.

கொடியைக் கையில் எடுத்துக் கணுவைப் பாருங்கள். இலைக்காம்பு முளைத்த இடத்துக்கு எதிர்ப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு தெரியும். ஈரமான ஒரு பரப்பு கிடைத்ததும் அந்த முண்டு வேராக நீண்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய தண்டில் வருகிற ஒவ்வோர் இலையும் முந்தைய இலையைவிடக் கொஞ்சம் பெரிதாக வருகிறது, தண்டும் பருக்கிறது. பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் தொங்கும் கொடியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும். இலை சிறுத்துக்கொண்டே போகும். பால்கனிக் கம்பியிலிருந்து தரையைத் தொடுமளவுக்குத் தொங்கும் கொடியின் நுனியில் இருக்கும் இலை, தொட்டி வாயில் இருக்கும் இலையில் பாதிகூட இருக்காது. தொங்குவது அழகு என்பவர்கள் தொங்கவிடட்டும், அதில் தவறில்லை. ஆனால் செடியின் கணக்கில், தொங்குகிற கொடி இன்னும் மரம் தேடிக்கொண்டிருக்கிற கொடி.

மரத்தை அது எப்படித் தேடுகிறது என்பது சுவையான சங்கதி. செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1975-ல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோஸ்டா ரிக்கா காட்டில் மணி பிளாண்டுக்கு உறவான ஒரு மான்ஸ்டெராவின் நாற்றுகளைக் கவனித்து, 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விதை முளைத்துக் காட்டுத் தரையில் ஊர்ந்த அந்த நாற்றுகள் வெளிச்சத்தை விட்டுவிட்டு, சுற்றுவட்டத்தில் எந்தப் பக்கம் அதிக இருட்டோ அந்தப் பக்கம் போயின. அடர்ந்த காட்டில் அதிக இருட்டான பக்கம் என்றால் பக்கத்தில் பருத்த அடிமரம் ஒன்று நிற்கிறது என்று பொருள். மரத்தைத் தொட்டபின் நாற்று தன் போக்கை மாற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறத் தொடங்குகிறது. கண்ணில்லாத ஒரு கொடிக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

மணி பிளாண்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில், பிரெஞ்சுப் பாலினேசியாவில், தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா தீவு. இதைக் கண்டுகொள்ளவே அறிவியலுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. சாலமன் தீவுகளிலிருந்து வந்த செடி என்ற குறிப்போடு ஐரோப்பியத் தோட்டங்களுக்குள் நுழைந்த இதை, 1880-ல் லிண்டன், ஆந்த்ரே என்ற இருவரும் போத்தோஸ் ஆரியஸ் என்று பதிவு செய்தார்கள். இன்றும் நர்சரிகளில் 'போத்தோஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அப்போது வந்ததுதான். 1908-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எங்ளர் இதை சிண்டாப்சஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். நாட்டு மருந்துக் கடையில் யானைத் திப்பிலி கேட்டால் உலர்ந்த துண்டுகளாகத் தருவார்களே, அந்தக் கொடியின் பேரினம் இது. அரை நூற்றாண்டுக்கு மேல் மணி பிளாண்ட் யானைத் திப்பிலியின் அண்ணன் தம்பியாகவே ஏட்டில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் இன்னொரு முறை பேரினம் மாறியது. 1964-ல் ஜார்ஜ் பன்டிங் இதை எபிப்ரெம்னத்தில் சேர்த்தார்.

ஒரு சாதாரணக் கொடிக்கு ஏன் இத்தனை இழுபறி? தாவரவியலாளர்கள் ஒரு செடியின் குலம் கோத்திரத்தைப் பூவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மணி பிளாண்ட் பூப்பதே இல்லை. வளர்ப்பில் அது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். உலகமெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் இருக்கும் எண்ணற்ற செடிகளில் ஒன்றுகூட அதன்பின் மனம் இரங்கவில்லை.

காரணம் 2016-ல் வெளியானது. அமெரிக்காவின் வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோன் இந்தச் செடியில் போதிய அளவு உருவாவதில்லை என்று காட்டினார்கள். அந்த ஹார்மோனைத் தயாரிக்கும் பாதையில் ஒரு மரபணு வேலை செய்யாமல் முடங்கிக் கிடக்கிறது. ஜிப்ரலிக் அமிலத்தை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள் குலை நீளவும் காய் பருக்கவும் தெளிக்கிற அதே மருந்துதான். பூத்ததும் ஒன்றும் மயக்குகிற பூ இல்லை. சேம்பங்குடும்பத்துக்கே உரிய மடல், நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான். பூவுக்காக யாரும் மருந்தடிக்க வேண்டியதில்லை.

பூ இல்லை என்றால் விதை இல்லை. விதை இல்லை என்றால் உலகில் இருக்கும் மணி பிளாண்ட் எல்லாமே எங்கிருந்தோ ஒடித்து நட்ட துண்டின் துண்டின் துண்டு. திண்டுக்கல்லில் ஒரு வாசலிலும் டோக்கியோவில் ஒரு மேசையிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே செடி. 'காசு கொடுத்து வாங்கினா வளராது, திருடி வச்சாத்தான் வளரும்' என்று நம்மூரில் சொல்வதற்கு ஆதாரம் தேடவேண்டியதில்லை. எதிர்வீட்டு மதில்மேல் தொங்குகிற கொடியில் ஒரு சாண் ஒடித்து வந்தால் பிழைத்துக்கொள்கிற செடிக்கு இப்படி ஒரு ஐதீகம் பிறக்காமல் இருந்தால்தான் அதிசயம். கேட்டு வாங்கினாலும் வளரும். காசு கொடுத்து வாங்கினாலும் வளரும். தென்கிழக்கு மூலையில் வைத்தால்தான் பணம் வரும் என்ற வாஸ்துக் கணக்கு செடிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூலையில் வெளிச்சம் இருக்கிறதா என்பது மட்டும்.

அங்கிருந்தே வளர்ப்பைத் தொடங்கலாம். 'நிழல்ல வைங்கக்கா, ஒண்ணும் பண்ண வேணாம்' என்று நர்சரிக்காரர் சொல்வதில் பாதி உண்மை. நிழலில் சாகாது, அதற்காக நிழலில் வளர்ந்துவிடாது. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் எதுவோ, அதற்குக் குறைந்த வெளிச்சம் கூடாது. கிழக்கு ஜன்னல் உத்தமம். மேற்கு வெயில் நேரே விழுந்தால் இலையில் பழுப்புத் தீப்புண் விழும். தங்க மஞ்சள் தீற்றலும், மார்பிள் குவீன் ரகத்தின் வெள்ளைப் புள்ளிகளும் பச்சையம் இல்லாத பகுதிகள். வெளிச்சம் குறைந்தால் செடிக்கு அந்த ஆடம்பரம் கட்டுபடியாகாது. புதிதாக வரும் இலைகள் முழுப் பச்சையாக வரத் தொடங்கும். அதிக விலை கொடுத்து வாங்கிய மார்பிள் குவீன் ஆறு மாதத்தில் பச்சையாகிவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் தொட்டியை ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்த்திப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகச் செடிகள் சாகின்றன. பாசத்தால் சாகின்றன என்றே சொல்லலாம். வாரம் இரண்டு முறை, தினம் ஒரு டம்ளர் என்பதெல்லாம் கணக்கே இல்லை. சென்னையின் மே மாதமும் ஊட்டியின் டிசம்பரும் ஒன்றல்ல. மண் தொட்டியும் பிளாஸ்டிக் தொட்டியும் ஒன்றல்ல. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழம் வரை காய்ந்திருந்தால் அடியில் வழிகிற வரை ஊற்றலாம். விரலில் ஈர மண் ஒட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடலாம். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும்.

வாடல் மட்டும் ஆளைக் குழப்பும். தண்ணீர் இல்லாத செடியும் தொங்கும். வேர் அழுகிய செடியும் தொங்கும், ஏனென்றால் அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. தொங்குகிறதே என்று மறுபடி ஊற்றுவார்கள், அதோடு கதை முடியும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தும் வாடியிருந்தால் அழுகல். அடியில் ஒரே ஓர் இலை பழுத்தால் அது வயது. நான்கைந்து இலைகள் ஒன்றாக மஞ்சளானால் செடியை உருவி வேரைப் பார்த்துவிட வேண்டும். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் கழன்று வரும், நாற்றமும் அடிக்கும். அப்போது வேரைக் காப்பாற்ற முயல்வதைவிட, நல்ல தண்டை நறுக்கிப் புதிதாக நடுவதே புத்திசாலித்தனம்.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது பல அடுக்குமாடி வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் அது உப்பு செறிந்த தண்ணீர். மண்மேல் வெள்ளைப் படலம் படிவதும் இலை நுனி கருகுவதும் அதனால்தான். வீடு துடைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம், தொட்டிக்கு வேண்டாம்.

இன்னொரு நீர் விஷயம், இது பயப்பட வேண்டியதல்ல. இரவு நன்றாக ஈரம் இருந்த செடியில் விடிகாலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் கோத்து நிற்கும், கீழே தரையில் ஒரு சிறு ஈரவட்டம் இருக்கும். பனி வீட்டுக்குள் வராது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் தள்ளிவிடும் நீர் இலை நுனி வழியே வடிகிறது. இது அடிக்கடி நடந்தால் மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, காற்றோட்டத்துக்கு உடைத்த செங்கல் சல்லியோ கரித்துண்டோ ஒரு கைப்பிடி. கோகோபீட் கட்டியை அப்படியே ஊறவைத்துப் போட்டுவிடாமல், ஊறிய தண்ணீரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டவேண்டும். தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. கழுவாமல் விற்கிற கட்டிகளும் சந்தையில் உண்டு. உரத்துக்கு மாதம் ஒரு முறை மேல்மண்ணில் ஒரு பிடி மண்புழு உரம் போதும். சர்க்கரை சேர்த்த டீத்தூள், பால் கழுவிய தண்ணீர் என்று கைப்பேசிக் காணொளிகள் சொல்லும் வைத்தியங்களில் உறுதியான பலன் எறும்புக்குத்தான். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். அதன் இனிப்புக் கழிவைத் தின்பதற்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சிதான். குறைவாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிப்பு. வாரம் ஒரு முறை, பூச்சி போகிற வரை.

இனி ஏணி. கடைகளில் மாஸ் ஸ்டிக் என்று விற்கிறார்கள். தேங்காய் நார் சுற்றிய குச்சிதான் பெரும்பாலும். வீட்டிலேயே செய்யலாம். 3 அடி பிவிசி குழாயில் ஆணியைச் சூடாக்கி வரிசையாகத் துளையிட்டு, மேலே கயிற்றுக் கடையில் கிடைக்கும் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றவேண்டும். குழாயின் அடிவாயை அடைத்துத் தொட்டியின் அடி வரை இறக்கி நட்டுவிட்டு, மேல்வாய் வழியே அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் துளை வழியே நார் முழுக்க நனையும். இந்த ஈரம்தான் சூட்சுமம். காய்ந்த குச்சியில் கொடி சாய்ந்து நிற்கும், வேர் விட்டு ஒட்டாது. ஒட்டாத கொடிக்கு அது ஏணியாக ஆகாது, இலையும் பெரிதாகாது.

கட்டுவதற்கு வாழைநாரைவிடத் தோதான பொருள் இல்லை. தண்டை அறுக்காது, வேர் பிடித்த பிறகு தானே மக்கிப்போகும். முண்டு இருக்கும் பக்கம் குச்சியைத் தொடும்படி தண்டைத் திருப்பி, கணுவை ஒட்டிக் கட்டவேண்டும். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் இலை வெளிச்சத்துக்குத் திரும்ப முடியாமல் முறுக்கிக்கொள்ளும். புதுக் குருத்து வாழைக் குருத்தின் போக்கிலேயே இறுகச் சுருண்டு வரும். அவசரப்பட்டு விரித்துவிடாதீர்கள், கிழிந்துவிடும். ஏறத் தொடங்கிய கொடியில் வரிசையாகச் சில இலைகள் விரிந்தபின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். குச்சியின் உச்சியைத் தாண்டியதும் நுனிப்பகுதியை வெட்டி அதே தொட்டியில் அடியில் நட்டுவிட்டால் புதர் அடர்த்தியாகும். வீட்டுக் கூரைக்குக் கீழே முறத்தளவு இலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குத் தென்னைமர உயரமும் மழைக்காட்டு ஈரமும் வேண்டும். விரித்த கையளவு இலை வந்தாலே வளர்ப்பு வெற்றி.

பதியன் போடத் தெரியாதவர்கள் இருக்க முடியாது என்றாலும் ஒரே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அழகான இலை ஒன்றைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைப்பார்கள். அது வேர்கூட விடும். ஆனால் கணு இல்லாத இலையிலிருந்து புதுத் துளிர் வராது. மாதக்கணக்கில் அந்த ஒற்றை இலையே நிற்கும். கணுவுக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டு நறுக்கி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சில நாள் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் செடி சற்றுத் துவண்டால் கவலைப்பட வேண்டாம்.

பாட்டிலிலேயே வைத்துவிடுகிறவர்களிடம் கொஞ்சம் கறாராகப் பேசவேண்டியிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீர்தான் பிடிக்கும். மணி பிளாண்ட் பாட்டில் அதற்கென்றே செய்தது. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டையும் பூச்சாடியையும் எட்டிப் பார்ப்பது அதனால்தான். சிங்கப்பூரில் பூச்சாடித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றச் சொல்லி அரசு பிரசாரமே செய்கிறது. வீட்டில் புழு கண்டால் அபராதமும் உண்டு. தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில். அந்த முட்டை ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். எனவே வாரம் இருமுறை தண்ணீரைக் கொட்டும்போது பிரஷ் விட்டு உட்சுவரைத் தேய்க்கவேண்டும். முடியாதவர்கள் பாட்டில் வாயில் கண்ணி சிறிய வலைத்துணி கட்டலாம். அல்லது கொடியை மீன்தொட்டியில் வேர்மட்டும் மூழ்க வைக்கலாம். மீன் கழிவின் நைட்ரேட்டைக் கொடி எடுத்துக்கொள்ளும், கொசுப்புழுவை கப்பி மீன் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது இந்தச் செடியைப் பற்றிய மிகப் பிரபலமான நம்பிக்கை: காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது.

நாசா சொன்னது உண்மைதான். 1989-ல் பில் வுல்வர்டன் என்ற நாசா விஞ்ஞானியின் குழு சிறிய, காற்றுப் புகாத அடைப்புப் பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைச் செலுத்தி, ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. மணி பிளாண்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆவிகள் குறையவும் செய்தன. மனிதர்கள் மாதக்கணக்கில் அடைபட்டு வாழப்போகும் விண்கலத்துக்கான ஆய்வு அது. நம் வீட்டுக் கதவு திறந்து மூடுகிறது, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது போகிறது. 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து ஒரே அளவுகோலில் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வைக்கவேண்டும் என்று விடை வந்தது. பத்துக்குப் பத்து அறை என்றால் குறைந்தபட்சக் கணக்கிலேயே 90 தொட்டிக்கு மேல். கட்டிலை வெளியே போட்டுவிட வேண்டியதுதான்.

தில்லியின் கமல் மியாட்டில் 2009-ல் டெட் மேடையில் பேசியபின் மணி பிளாண்டின் மதிப்பு இந்தியாவில் எங்கோ போய்விட்டது. நேரு பிளேஸில் 50,000 சதுர அடிக் கட்டடத்தில் 300 பேருக்கு 1,200 செடிகள் வைத்திருப்பதாக அவர் சொன்னார். ஆளுக்கு 4 செடி என்ற அந்த எண்ணிக்கையே பரவியது. அந்தக் கட்டடத்தில் காற்றைக் கழுவி வடிகட்டும் இயந்திர அமைப்பும் இருந்தது என்ற செய்தி அதே வேகத்தில் பரவவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஸ்ட்ராண்டின் குழு வேறு வழியில் யோசித்தது. செடியால் முடியாது என்றால் முடிகிற செடியை உருவாக்கினால் என்ன? பாலூட்டிகளின் கல்லீரலில் பென்சீன், குளோரோஃபார்ம் போன்றவற்றைச் சிதைக்கும் 2ஈ1 என்ற புரதம் உண்டு. முயலிலிருந்து அதன் மரபணுவை எடுத்து மணி பிளாண்டுக்குள் வைத்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, மூடிய கண்ணாடிக் குழாயில் குளோரோஃபார்ம் 3 நாளில் 82 சதவீதம் குறைந்தது. சாதாரணச் செடி இருந்த குழாயில் மாற்றமே இல்லை. அங்கும் காற்றைச் செடியின்மேல் தள்ள விசிறி வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். இத்தனை செடிகள் இருக்க மணி பிளாண்டை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. அது பூக்காது, ஆகவே மாற்றிய மரபணு மகரந்தம் வழியே வெளியே தப்பாது. தாவரவியலாளர்களை எண்பது ஆண்டு அலைக்கழித்த அதே குறை இங்கே தகுதியாகிவிட்டது.

குழந்தைகளும் பூனை, நாய்களும் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மணி பிளாண்ட் சேம்பங்குடும்பம் என்பதை மறக்கவேண்டாம். பச்சைக் கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, நாக்கு நமநமக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், உதடு வீங்கும், எச்சில் ஒழுகும். வாயைக் கழுவித் துடைத்துக் குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுக்கலாம். வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வெற்றிலை என்று தவறாக எண்ணிக் கிள்ளுகிறவர்களும் உண்டு. வெற்றிலையில் காம்பு சேரும் இடத்திலிருந்தே பல நரம்புகள் விரிந்து ஓடும், கசக்கினால் மணக்கும். மணி பிளாண்டில் தடித்த நடு நரம்பு ஒன்றே, காம்பின் மேல்புறம் வாய்க்கால்போல் பள்ளம், மணம் இல்லை.

பூ இல்லை, விதை இல்லை என்பதால் இது சாதுவான செடி என்று நினைத்தால் கண்டிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகெலே சரணாலயத்தில் இந்தக் கொடி காட்டின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையெல்லாம் மணி பிளாண்ட், அடிமரமெல்லாம் மணி பிளாண்ட். அதைத் தின்று அடக்கும் எதிரி அங்கே இல்லை. அந்தப் பாய்விரிப்புக்குக் கீழே உள்ளூர் மரங்களின் கன்று தலைதூக்க வழியில்லை. ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் இதே புகார். ஒரு விதைகூட இல்லாமல், ஒடிந்த துண்டுகளாலேயே நடந்த படையெடுப்பு இது. ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும்.

ஆகவே கத்தரித்த கொடியை என்ன செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். குறிப்பாகக் குமரி, வால்பாறை, குற்றாலம், கூடலூர் மாதிரி மழை நிறைந்த ஊர்க்காரர்கள். வேண்டாத துண்டுகளை ஓடைக் கரையிலோ வேலிக்கு அப்பால் காட்டோரத்திலோ வீசாதீர்கள். மொட்டைமாடி வெயிலில் சருகாகிற வரை காயவைத்து, அதன்பிறகு உரக்குழியில் போடுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் கணுவோடு நறுக்கிக் கொடுங்கள். திருடும் சிரமமாவது மிச்சமாகும்.

(அடுத்த இதழில்: மான்ஸ்டெரா)